ஹேஸ்டிங்ஸ் பறவைகளும் ஒரு புள்ளியியல் கணக்கும்

ஹேஸ்டிங்ஸ் என்றதும் பள்ளிக்கூடத்தில் படித்த 1066 போர்தான் ஞாபகம் வரும். (கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸும் வருவார், அவருக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை.) நான் சொல்லப்போவது அந்த ஊரில் பறவைகளை வைத்து நடந்த ஒரு மோசடி. ஆடிட்டிங் பேப்பருக்குப் படிக்க உட்கார்ந்து, எங்கேயோ சுற்றி இங்கே வந்து நின்றேன்.

ஹேஸ்டிங்ஸ் இங்கிலாந்தின் தெற்குக் கரையில், சஸ்ஸெக்ஸ் பகுதியில் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் தெற்கே வலசை போகும் பறவைகள் இந்தக் கரையைத் தாண்டித்தான் கடலைக் கடக்கின்றன. கூட்டத்தோடு எப்போதாவது, காற்றில் வழி தப்பிய ஏதோ ஒரு தூரதேசத்துப் பறவையும் வந்து இறங்கும். அதனால் அங்கே ஒரு அபூர்வப் பறவை கிடைத்தது என்றால் யாருக்கும் சந்தேகம் வராது.

அந்தக் காலத்தில் "பார்த்தேன்" என்றால் போதாது. சுட்டுக் கொண்டுவந்து காட்ட வேண்டும். வசதியானவர்கள் பாடம் செய்த பறவைகளைப் போட்டி போட்டுக்கொண்டு சேகரித்தார்கள். நம்ம காமர்ஸ் பாடம் இங்கேதான் வருகிறது. ஐரோப்பாவில் பிடித்த பறவை என்றால் மலிவு. அதே பறவை பிரிட்டன் மண்ணில் சுடப்பட்டது என்றால் விலை எங்கேயோ போய்விடும். சரக்கு ஒன்றுதான், லேபிளுக்குத்தான் காசு!

1892 முதல் 1930 வரை ஹேஸ்டிங்ஸைச் சுற்றி ஏறக்குறைய 20 மைலுக்குள் அபூர்வப் பறவைகள் கொட்டோ கொட்டென்று கொட்டின. கஜகஸ்தான் புல்வெளியில் வாழும் கருப்பு வானம்பாடி, ஆல்ப்ஸ் மலை உயரத்தில் வாழும் பனிக்குருவி எல்லாம் வந்தன. அதுவும் சில சமயம் கும்பலாக! பெரும்பாலானவை கைமாறியது ஜார்ஜ் பிரிஸ்டோ என்பவர் மூலம். பக்கத்து செயின்ட் லெனார்ட்ஸில் துப்பாக்கி வியாபாரமும் பறவைகளைப் பாடம் செய்யும் தொழிலும் நடத்தியவர். உள்ளூர் டாக்டர் நார்மன் டைஸ்ஹர்ஸ்ட் போன்ற மதிப்பான ஆட்கள் அந்தப் பறவைகளைக் கையில் வாங்கிப் பார்த்துப் பத்திரிகைக்கு எழுதினார்கள். உடல் கெடாமல் இருந்ததே, எப்படி நம்பாமல் இருப்பது? வெளிநாட்டில் சுட்டு, ஐஸில் வைத்துக் கப்பலில் கொண்டுவந்தார்கள் என்பது பின்னால் சொல்லப்பட்ட விளக்கம்.

'பிரிட்டிஷ் பேர்ட்ஸ்' இதழின் ஆசிரியர் ஹாரி விதர்பிக்கு 1916-லேயே சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் பகிரங்கமாக யாரும் எதுவும் சொல்லவில்லை. புத்தகங்களில் ஏறிய பறவைகள் ஏறியபடியே இருந்தன. பிரிஸ்டோ 1947-இல் இறந்தும் போனார்.

1962 ஆகஸ்டில்தான் அதே இதழில் குண்டு வெடித்தது. மேக்ஸ் நிக்கல்சனும் ஃபெர்குசன் லீஸும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பதிவுகளை அலசி எழுதினார்கள். கூடவே ஜான் நெல்டர் என்ற புள்ளியியலாளரின் கட்டுரை. அவர் செய்தது எளிமையான வேலை. ஹேஸ்டிங்ஸ் வட்டாரத்தின் எண்ணிக்கையை சஸ்ஸெக்ஸ், கென்ட் பகுதிகளின் மற்ற இடங்களோடு ஒப்பிட்டார். பிறகு 1925-க்கு முந்தைய முப்பது வருடங்களையும் பிந்தைய முப்பது வருடங்களையும் ஒப்பிட்டார். பின்னால் பறவை பார்ப்பவர்கள் பெருகினார்கள், பைனாகுலரும் நல்லதாகக் கிடைத்தது. ஆனால் ஹேஸ்டிங்ஸின் அதிர்ஷ்டம் மட்டும் காணாமல் போய்விட்டது! பிரிட்டன் பட்டியலிலிருந்து 29 இனங்களும் துணையினங்களும் நீக்கப்பட்டன.

இதை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஜேம்ஸ் ஹாரிசன் 1968-இல் பிரிஸ்டோவுக்கு ஆதரவாக ஒரு புத்தகமே எழுதினார். நீக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை பிற்காலத்துப் பதிவுகளை வைத்துத் திரும்பப் பட்டியலில் ஏறியதும் உண்மை. கருப்பு வானம்பாடியே 2003-இல் வேல்ஸின் ஆங்கில்சீ தீவுக்கு வந்தது. "பார், வரும் பறவைதானே?" என்று கேட்கலாம். ஆனால் பறவை வருமா என்பதல்ல கேள்வி, இத்தனை பறவை, ஒரே வட்டாரத்தில், பெரும்பாலும் ஒரே கடை வழியாக வருமா என்பதுதான்.

எனக்கு உறுத்துவது வேறு. நெல்டரின் கணக்கு குவியல் மொத்தமும் அழுகல் என்று காட்டும், எந்தப் பறவை பொய் என்று காட்டாது. வவுச்சர் கட்டில் பாதி போலி என்றால் ஆடிட்டர் கட்டையே ஒதுக்குகிற மாதிரிதான் இதுவும். அந்தக் குவியலில் யாராவது ஒருவர் அக்டோபர் காலை ஒன்றில் நிஜமாகவே சுட்ட பறவையும் இருந்திருக்கலாம். அதுவும் சேர்ந்தே போய்விட்டது. டைஸ்ஹர்ஸ்ட் அப்போது எண்பது வயதைத் தாண்டி உயிரோடுதான் இருந்தார்.