ஆபீஸ் நேரம் போக

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் கீழ்பென்னாத்தூர் என்று ஓர் ஊர். அங்கே என் நண்பர் ஒருவர், பள்ளிக்கூட வாத்தியார், வீட்டுப் பின்கட்டில் இருந்த நெல் மூட்டைகளை அப்புறப்படுத்திவிட்டு ஒரு பட்டறை போட்டிருக்கிறார். சனி, ஞாயிறுகளில் அங்கே ரம்பச் சத்தம் கேட்கும். "இன்னும் என்னென்ன சாமான் வாங்கிப் போடலாம், சார்?" என்று என்னைக் கேட்டார். கதை எழுதுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? சாமான் விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் சர் சி. வி. ராமனின் கதை தெரியும். அதைச் சொன்னேன்.

கல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் என்று ஒரு பெரிய டாக்டர். நம் ஜனங்கள் தங்கள் கையாலேயே விஞ்ஞான ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று 1876-ல் ஒரு சங்கம் ஸ்தாபித்தார். பௌபஜார் தெருவில் கட்டிடம் எழும்பிற்று. கருவிகள் வந்தன, பிரசங்க மண்டபம் வந்தது. ஆராய்ச்சி செய்ய மட்டும் ஆள் வரவில்லை. மனிதர் அந்த ஏக்கத்தோடேயே 1904-ல் கண்ணை மூடினார்.

1907-ல் கணக்கு இலாகா உத்தியோகத்தில் கல்கத்தா வந்து சேர்ந்தார் ராமன். வயது 18. ஒரு நாள் டிராமில் போகும்போது சங்கத்தின் போர்டு கண்ணில் பட்டது. இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். திறந்தவர் ஆஷுதோஷ் டே. ஆஷு பாபு என்பார்கள். அன்று திறந்தவர் பிறகு ஏறக்குறைய கால் நூற்றாண்டு ராமனுக்கு உதவியாளராக இருந்தார். சர்வகலாசாலைப் படிப்பு இல்லாத அவர் பெயர், ராமனின் பெயரோடு சேர்ந்து ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அச்சாயிற்று. பட்டம் பெற்றவர்கள் பலருக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை என்பதைப் பொறாமையில்லாமல் குறிப்பிடுகிறேன்.

இனி ராமனின் அன்றாடத்தைக் கேளுங்கள். விடியற்காலை ஐந்தரைக்கு சங்கத்துக்குப் போவார். பத்து மணிக்குச் சற்று முன் வீடு திரும்பி, அவசரமாகக் குளித்து, அதைவிட அவசரமாகச் சாப்பிட்டு, ஆபீஸுக்கு ஓடுவார். சாயங்காலம் ஆபீஸிலிருந்து நேரே மறுபடி சங்கம். வீடு திரும்ப இரவு ஒன்பதரை, பத்து ஆகும். ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் அங்கேதான். லோகசுந்தரி அம்மாளின் பொறுமைக்கு யாராவது தனியாக ஒரு பரிசு கொடுத்திருக்க வேண்டும்! கல்கத்தாவில் இருந்த வருஷங்களெல்லாம் இப்படியே நடந்தது. 1917-ல் சர்க்கார் உத்தியோகத்தை விட்டுவிட்டு, பாதிச் சம்பளத்துக்கு சர்வகலாசாலைப் பேராசிரியரானார். சங்கத்தை மட்டும் விடவில்லை.

கருவி இல்லாவிட்டால் அவர் பேசாமல் உட்கார்ந்துவிடவில்லை. வயலின் நாதத்தை ஆராய, எப்போதும் ஒரே அழுத்தம், ஒரே வேகத்தில் வாசிக்க ஒரு யந்திரம் வேண்டியிருந்தது. மனிதக் கைக்கு அது சாத்தியமா? கிடைத்த சாமான்களைக் கொண்டு அங்கேயே ஒன்றைச் செய்தார்கள். வில்லை அசையாமல் நிறுத்தி, வயலினை முன்னும் பின்னும் ஓட்டினார்கள்! சங்கீத வித்துவான்கள் பார்த்திருந்தால் மூர்ச்சை போட்டிருப்பார்கள். 1920-ல் அதைப் பற்றிக் கட்டுரை வந்தது.

பெரிய கண்டுபிடிப்புக்கும் சாமான் அதிகமில்லை. சூரிய ஒளி, அதைக் குவிக்க ஒரு தூரதரிசினியின் கண்ணாடி, சில வர்ணக் கண்ணாடிகள், திரவம் நிரப்பிய குடுவை, பார்ப்பதற்குக் கண். கூட வேலை செய்தவர் வத்திராயிருப்புக்காரரான கே. எஸ். கிருஷ்ணன். 1928 பிப்ரவரி 27-ந் தேதி, சிதறி வரும் ஒளியை நிறமாலைக் கருவி வழியே பார்த்துவிடுவது என்று ராமன் தீர்மானித்தார். ஆஷு பாபு எல்லாவற்றையும் பொருத்தி முடிப்பதற்குள் சூரியன் அஸ்தமித்துவிட்டது. பாதரச விளக்கெல்லாம் பிற்பாடுதான் வந்தது. அன்றைக்கு விளக்கு சூரியன் ஒன்றே. மறுநாள் காலை வெயில் வந்ததும் பார்த்தார்கள். உள்ளே விட்ட நிறத்துக்குப் பக்கத்தில், இருட்டு இடைவெளி விட்டு, வேறொரு நிறம் நின்றது.