ஜார்ஜ் கெங்குவென்

ஜார்ஜ் கெங்குவென் (1913–2005) பிரான்சின் லிமூசான் வட்டாரத்தில் நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போரிட்ட கம்யூனிஸ்ட் கெரில்லாத் தளபதி. பின்னர் லிமோஜ் நகர மேயர். நாஜிகளிடம் சிக்காத இவரை, விடுதலையடைந்த பிரான்ஸ் சிறையில் அடைத்தது. சொந்தக் கட்சியோ அதற்கு முன்பே கைகழுவிவிட்டது.

மன்யாக்-லவால் என்ற ஊரில் பிறந்தார். தந்தை ராணுவத்தில் இருந்தவர். 1914 ஆகஸ்டில், முதல் உலகப்போர் தொடங்கிய மாதத்திலேயே உயிரிழந்தார். தாயைப் போலவே ஆசிரியரான கெங்குவென், 1935இல் சேன்-ஜில்-லெ-ஃபொரே என்ற சிற்றூரில் பள்ளிக்கூட வேலையில் சேர்ந்தார். 1940இல் பிரான்ஸ் வீழ்ந்தபோது, இது ஏகாதிபத்தியங்களின் சண்டை என்றே கட்சித் தலைமை பேசிக்கொண்டிருந்தது. கெங்குவெனோ அந்த ஆகஸ்டிலேயே போராட்டத்துக்கு அழைப்பு விடுத்துத் துண்டறிக்கை எழுதினார். அடுத்த ஆண்டு தலைமறைவானார். காட்டில் திரியும் பைத்தியம் என்று கட்சிக்காரர்களே சொன்னதுண்டு.

அந்தப் பைத்தியத்தின் போர்முறை விவசாயிகளிலிருந்து தொடங்கியது. ஜெர்மானியருக்காக உலர்புல் கொள்முதல் நடந்தபோது, 1942 டிசம்பரில் புல்கட்டும் இயந்திரங்களை இவருடைய ஆட்கள் தகர்த்தார்கள். 1943 மார்ச்சில் புஸ்ஸி-வராஷ் ரயில் பாலம் வெடித்தது. அதைவிடச் சுவையானது சுவரொட்டி விவகாரம். விளைபொருள்களுக்கு இன்ன விலை என்று இவரே நிர்ணயித்து, ‘காட்டுப்படையின் ஆட்சியர்’ என்று கையெழுத்திட்டு ஊர்ச்சுவர்களில் ஒட்டச் செய்தார். கள்ளச்சந்தையில் நொந்துபோயிருந்த மக்களுக்கு இது வெறும் வீம்பாகத் தோன்றவில்லை. அரசாங்கத்தின் வேலையை அரசாங்கமில்லாமலே ஒருவர் செய்துகாட்டினார்.

1944 ஜூனில் லிமோஜைத் தாக்கிக் கைப்பற்றச் சொல்லிக் கட்சியிலிருந்து உத்தரவு வந்தது. பழிவாங்கலுக்குப் பொதுமக்கள் பலியாவார்கள் என்று அஞ்சி மறுத்துவிட்டார். அந்த நாட்களில்தான் பக்கத்து ஊரான ஒராதூர்-சூர்-கிளானில் நாஜிகளின் எஸ்.எஸ். படை 600க்கும் மேற்பட்டோரைக் கொன்று குவித்தது. பக்கத்து மாவட்டத்தின் தூல் நகரில் 99 பேரைத் தூக்கிலிட்டது. காத்திருந்ததற்குப் பலன் ஆகஸ்ட் 21 அன்று கிடைத்தது: நகரைச் சுற்றி வளைத்து, பேச்சுவார்த்தை நடத்தி, தெருச்சண்டையே இல்லாமல் லிமோஜை விடுவித்தார். தளபதி என்ற முறையில் அவருடைய தலைசிறந்த முடிவு அந்த மறுப்பே என்று தயங்காமல் சொல்லலாம்.

1945இல் மேயரானார். சுதந்திர பிரான்சின் தலைவர் தெ கோல் வழங்கிய உயர்ந்த விடுதலைப்போர் விருதைப் பெற்ற மிகச் சில கம்யூனிஸ்டுகளில் இவரும் ஒருவர். 1947 தேர்தலுக்குப் பின் மேயர் நாற்காலி சோஷலிஸ்டு லெயோன் பெதூலிடம் போனது. 1940இல், நாஜிகளோடு ஒத்துழைத்த ஆட்சியின் தலைவரான பெத்தேனுக்கு முழு அதிகாரம் கொடுக்க வாக்களித்தவர்களில் பெதூலும் ஒருவர்!

1952இல் கட்சி வெளியேற்றியது. 1953 டிசம்பரில், விடுதலையை ஒட்டி நடந்த சில கொலைகளோடு முடிச்சுப் போட்டுக் கைது செய்தார்கள். ப்ரீவ் சிறையில் உயிர் போகுமளவுக்கு அடி விழுந்தது. இளம் வழக்கறிஞர் ரோலான் தூமா இவருக்காக வாதாடினார். பின்னாளில் வெளியுறவு அமைச்சரானவர். வழக்குக்கு ஆதாரமில்லை என்று 1959இல் நீதிமன்றம் கைவிட்டது.

அதன்பின் த்ருவா நகர்ப் பக்கம் போய் மறுபடி ஆசிரியராக இருந்தார். 1998இல் கம்யூனிஸ்ட் கட்சி தன் தவற்றை ஒப்புக்கொண்டது. 2005 அக்டோபரில், 92 வயதில் கெங்குவென் காலமானார். அவர் பாடம் நடத்திய சேன்-ஜில்-லெ-ஃபொரேயில் அடக்கம் செய்யப்பட்டார்.