முகம் மாற்றிய அலமாரிகள்

பழைய அடுக்களை அலமாரிகளைப் பெயர்த்தெறியாமல், அவற்றின் கூட்டை அப்படியே நிறுத்திவைத்து, கதவுகளையும் இழுப்பறை முகப்புகளையும் மட்டும் புதிதாக்கி, வெளியே தெரியும் சட்டங்களின்மீது மெல்லிய மரத்தகட்டையோ லாமினேட்டையோ ஒட்டிவிடுவது அமெரிக்க வீடுகளில் பரவலான வழக்கம். இதைச் சிக்கனம் என்று பாராட்டுவோர் உண்டு. வெறும் ஒப்பனை என்று முகம் சுளிப்போரும் உண்டு. அந்த முகச் சுளிப்பின் வயது ஏறத்தாழ 2000 ஆண்டுகள் என்பதே நம்மை இதை எழுதத் தூண்டியது.

கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது மாண்ட மூத்த பிளினி, தமது ‘இயற்கை வரலாறு’ நூலின் 16ஆம் பகுதியில் மரங்களைப் பற்றிப் பேசுகையில் இந்தத் தகடுகளிடம் வந்து சேர்கிறார். மலிவான மரத்துக்கு விலையுயர்ந்த மரத்தால் தோல் போர்த்துவதும், ஒரே மரத்தைத் தகடுகளாக அறுத்துப் பலமுறை விற்பதும் அவருக்கு ரோமானிய ஆடம்பரத்தின் அடையாளங்கள். ஆனால் அவருக்கு 1500 ஆண்டுகள் முன்பே எகிப்தியர் இதைச் செய்திருக்கிறார்கள். தீப்ஸ் நகரை ஒட்டிய ரெக்மிரேயின் கல்லறைச் சுவரோவியத்தில் தச்சர்கள் வச்சிரப் பசையைச் சூடாக்கி, வெளிர்மரத்தின்மேல் கருமரத் தகட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். நல்ல மரம் அரிதான நாடு அது. கருங்காலி தெற்கிலிருந்தும் தேவதாரு லெபனானிலிருந்தும் வரவேண்டும். கிடைத்ததை மெல்லிதாக அறுத்துப் பரப்புவதைத் தவிர வேறு வழி என்ன? பிளினி இந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை. ஆடம்பரக்காரனும் இல்லாதவனும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள் என்பது ஒழுக்கம் பேசுவோர்க்கு எப்போதும் சங்கடமான செய்தி.

கையால் அறுத்த தகடு தடிமனானது. தேய்ந்தால் மீண்டும் இழைக்கலாம். வச்சிரமோ வெப்பமும் ஈரமும் பட்டால் இளகிவிடும். ஆகவே பழைய முகத்தைக் கழற்றிப் புதியதை ஒட்டுவது எளிது. 1806இல் மார்க் புரூனல் என்னும் பொறியாளர் தகடு அறுக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்று, லண்டனின் பாட்டர்சீயில் ஆலை நடத்தினார். அந்த ஆலை 1814இல் தீக்கிரையானது. தகடு மெலிந்தது, மலிந்தது, நடுத்தர வீடுகளுக்குள் புகுந்தது. 1864–65இல் தொடராக வந்த ‘அவர் மியூச்சுவல் ஃபிரெண்ட்’ நாவலில், எல்லாமே புத்தம் புதிதாக இருக்கும் ஒரு புதுப்பணக்காரத் தம்பதிக்கு டிக்கன்ஸ் வெனீரிங் என்று பெயரிட்டார். ஆங்கிலத்தில் வெனீர் என்ற சொல்லே போலித்தனத்தைக் குறிக்கவும் பயன்படுகிறது. (தமிழ் மட்டும் என்ன இரக்கம் காட்டியது? ‘மேல்பூச்சு’ என்றும் ‘பூசி மெழுகுதல்’ என்றும் நாமும் சொல்லித்தான் வருகிறோம்.)

தனித்தனி மேசையும் தட்டு அலமாரியும் இருந்த பழைய ஐரோப்பிய அடுக்களையில் பழுதானதை மட்டும் மாற்றினால் போதும். சுவரோடு சேர்ந்து, ஒரே முகம் காட்டும் அலமாரி வரிசை வந்தபிறகே, ஒன்று அழுக்கானால் மொத்தமும் அழுக்காகத் தெரியும் நிலை உண்டானது. அதன் புகழ்பெற்ற முன்னோடி, மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926இல் வடிவமைத்த ஃபிராங்ஃபர்ட் அடுக்களை. சுமார் 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. மாவுப்புழு அண்டாது என்று மாவு இழுப்பறைகளை ஓக் மரத்தில் செய்தார். ஈ உட்காராது என்ற நம்பிக்கையில் நீல வண்ணம் பூசினார். பின்வந்த பதின்ஆண்டுகளில் அவற்றுள் மிகப் பெரும்பாலானவை பெயர்த்தெறியப்பட்டன. எஞ்சியவற்றுள் ஒன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும், இன்னொன்று லண்டனின் விக்டோரியா-ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் இன்று இருக்கின்றன. யாரோ சிலர் கதவை மட்டும் மாற்றிக்கொண்டு கூட்டை விட்டுவைத்திருந்தால், அவை வீடுகளிலேயே இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பிழைத்திருக்கும்.

அடுத்து வந்தது பிளாஸ்டிக் முகம். 1912இல் வெஸ்டிங்ஹவுஸில் பணியாற்றிய டேனியல் ஓ’கானரும் ஹெர்பர்ட் ஃபேபரும், மின்கருவிகளில் காப்புப்பொருளாக இருந்த மைக்காவுக்கு மாற்றாகப் பிசினில் தோய்த்த அடுக்குத்தகட்டை உருவாக்கினார்கள். மைக்காவுக்குப் பதில் என்ற பொருளில் ஃபார்மைக்கா என்று பெயர். பின்னாளில் அதன்மேல் மரத்தின் ரேகைகளை அச்சிட்டார்கள். சன்மைக்கா என்னும் வணிகப் பெயர் நம்மூரில் பொதுப்பெயராகிவிட்டது. ‘மைக்கா ஒட்டணும்’ என்கிறார் தச்சர். அந்தத் தாளில் காக்காப்பொன் ஒரு துளியும் கிடையாது. எதை விலக்கிவிட்டு வந்ததோ அதன் பெயரையே சூடிக்கொண்ட பொருள்!

இதற்குள் கூடும் மாறிப்போயிற்று. இரண்டாம் உலகப்போருக்குப் பின் கட்டைமரத்தின் இடத்தையும் பிளைவுட்டின் இடத்தையும், மரத்துகளைப் பசையில் கலந்து அழுத்திய பார்ட்டிகிள் போர்டு பெரிதும் பிடித்துக்கொண்டது. அன்று முகம் தேய்ந்தது, உடல் நின்றது. இன்றோ முகத்தில் கீறல்கூட விழுவதில்லை. உள்ளே நீர் கசிந்த இடத்தில் உடல் உப்பி உதிர்கிறது. பிளினி குறைசொன்ன போர்வை நியாயமாகவே நடந்துகொள்கிறது. நம்பத்தகாதது அதன் அடியில் இருப்பது.

ஆகவே முகம் மாற்ற வரும் கைத்தேர்ந்த தச்சர் கதவுகளின் அழகைப் பார்ப்பதில்லை. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குனிந்து, அடிப்பலகையைக் கட்டைவிரலால் அழுத்துகிறார். விரல் அமுங்காவிட்டால்தான் அளவுநாடாவை எடுக்கிறார்.