இஷி போக விரும்பாத முகாம்

பாடசாலையில் பிள்ளைகளை முகாமுக்குக் கூட்டிப்போகும் பேச்சு வந்தாலே எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும்.

1914 மே மாதம். கலிபோர்னியாவின் டியர் கிரீக் பள்ளத்தாக்கில் கூடாரம் அடித்துத் தங்கி, பழைய முறையில் வில்வேட்டையும் அம்புமுனை செய்வதும் பார்க்க ஆயத்தம் நடந்தது. மானிடவியலாளர்கள் குரோபர், வாட்டர்மன், வைத்தியர் பொப், அவருடைய பதினொரு வயது மகன் எல்லோருக்கும் ஆசை. வழிகாட்ட வேண்டிய இஷிக்குத்தான் மனமில்லை.

எப்படி இருக்கும்? அவருடைய யாஹி சனங்களை 1860களில் வெள்ளைக் குடியேறிகள் கூட்டங்கூட்டமாகக் கொன்றது அந்தப் பக்கத்தில்தான். மிஞ்சிய சிலர் நாற்பது வருடமளவில் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1911 ஓகஸ்டில் ஒரோவில் நகருக்குப் பக்கத்தில் பசியோடு தனியாக வந்தவர் இவர். சொந்தப் பெயரைக் கடைசிவரை சொல்லவில்லை. இஷி என்றால் அவர்கள் பாஷையில் மனிதன், அவ்வளவுதான்.

சன் பிரான்சிஸ்கோ நூதனசாலையில் தங்கியிருந்த அவரிடம், பக்கத்து வைத்தியசாலையில் வேலைசெய்த பொப் வில்வித்தை படித்தார். இஷி மான்கொம்பு நுனியால் கல்லின் விளிம்பை அழுத்தி, செதில் செதிலாகக் கழற்றி அம்புமுனை செய்வார். எரிமலைக் கண்ணாடிக்கல்தான் வேண்டும் என்றில்லை, உடைந்த போத்தலும் போதும்.

கடைசியில் சம்மதித்துப் போனார். ஒவ்வொரு இடத்தையும் காட்டிக்கொடுத்தார். 1916 மார்ச்சில் கசநோயால் மௌத்தானார்.

பொப் 1923இல் வில்வேட்டை பற்றிப் புத்தகம் எழுதினார். 1961இல் அமெரிக்க வில்வேட்டைக்காரர்கள் தொடங்கிய சங்கத்துக்கு அவர் பெயரையும் நண்பர் யங்கின் பெயரையும் வைத்தார்கள். படிப்பித்தவரின் பெயர் அதில் இல்லை. படிப்பிக்கிற தொழிலில் இருக்கும் எனக்கு அது கொஞ்சம் உறுத்துகிறது.