ஒரகடத்துல செய்யுற சாமானுக்கு ஒரகடத்துலயே இந்த விலையா?

2025 மே மாசம், மண்டையைப் பொளக்குற வெயில். ஒரகடம் ஜங்ஷன் தாண்டினதும் பானெட்டுக்குள்ளேருந்து 'கர்ர்ர்'னு ஒரு சத்தம். ஏசியை அணைச்சா நிக்குது, போட்டா மறுபடி கத்துது. பக்கத்துல இருந்த ஒரு பெரிய சர்வீஸ் சென்டர்ல (பேர் வேண்டாமே) வண்டியை விட்டேன். கழுத்துல அடையாள அட்டை மாட்டின தம்பி அரை மணி நேரத்துல வந்தார்.

"சார், கம்ப்ரஸர் போயிருச்சு. அசெம்பிளியா மாத்தணும். கேஸ், லேபர் எல்லாம் சேர்த்து முப்பத்தோராயிரம் வரும்."

"பேரிங் சத்தம் மாதிரி தானே இருக்கு தம்பி? அது மட்டும் மாத்த முடியாதா?"

"பேரிங்குக்கு தனியா பார்ட் நம்பரே கிடையாது சார்."

அந்த மாசம்தான் பையனுக்கு ஸ்கூல் பீஸ் கட்டணும். 'யோசிச்சு சொல்றேன்'னு சொல்லிட்டு, கண்ணாடியை இறக்கி விட்டுக்கிட்டு வெந்து வீடு வந்து சேர்ந்தேன். வர்ற வழியெல்லாம் ரெண்டு பக்கமும் என்ன? கார் கம்பெனி, கார் சாமான் கம்பெனி, மறுபடி கார் சாமான் கம்பெனி. திருநெல்வேலியில அல்வா விலை கேட்டு மயக்கம் போட்ட கதையா இருந்துது.

'பார்ட் நம்பர் கிடையாது'ங்கற அந்த ஒரு வரிதான் மண்டையில குடைஞ்சுக்கிட்டே இருந்துது. அதுக்குப் பின்னாடி ஒரு பெரிய கதை இருக்கு. அதுல பாதி நம்ம ஏரியாவுல நடந்த கதை.

கொஞ்சம் பின்னாடி போவோம். நான் வண்டி ஓட்டக் கத்துக்கிட்டது அம்பாசடர்ல. அதுல எது போனாலும் மெக்கானிக் ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுப்பார், நேரா மவுண்ட் ரோடு பக்கம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. கடைக்காரர் எடுத்து வைக்கிற அட்டைப்பெட்டி மேல கார் கம்பெனி பேரே இருக்காது, சாமானைச் செஞ்சவங்க பேர்தான் இருக்கும். ஸ்டார்ட்டர் மோட்டாரா, லூகாஸ் டிவிஎஸ். பிரேக் சாமானா, பிரேக்ஸ் இந்தியா. ரெண்டுமே பாடியில 1960களோட தொடக்கத்துல ஆரம்பிச்ச கம்பெனிங்க. கார் கம்பெனிக்கும் குடுப்பாங்க, கடைக்கும் குடுப்பாங்க. புதுசு வாங்க காசு இல்லேன்னா புதுப்பேட்டை. பழைய வண்டியைப் பிரிச்சு போல்ட் வரைக்கும் தனித்தனியா விக்கிற ஊர் ஆச்சே. வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் கம்பெனி இருந்துது, 1961லேருந்து ஹெரால்ட் கார் செஞ்சாங்க. 1980களோட கடைசியில கார் தயாரிப்பே நின்னு போச்சு. ஆனாலும் ஹெரால்ட் வச்சிருந்தவங்க ரொம்ப வருஷம் ஓட்டினாங்கன்னா அதுக்கு காரணம் புதுப்பேட்டைதான்.

அது பொற்காலம்னு சொல்ல வரலீங்க. கார் வாங்க வருஷக்கணக்குல காத்திருக்கணும். வாங்கினப்புறம் ஒர்க்‌ஷாப்பிலேயே பாதி நாள் போயிரும். ஆனா ஒண்ணு, என்ன போச்சுன்னு மெக்கானிக்குக்கும் தெரியும், அதுக்கு என்ன விலைன்னு நமக்கும் தெரியும்.

1983 டிசம்பர்ல மாருதி வந்துது. 'ஜென்யூன் பார்ட்ஸ்'ங்கற வார்த்தை வீட்டுல பேசற வார்த்தையா ஆனது அதுக்கப்புறம்தான். 1993ல கார் தயாரிப்புக்கு லைசென்ஸ் வேண்டாம்னு ஆச்சு. அப்புறம் மடமடன்னு... மஹிந்திராவோட சேர்ந்து ஃபோர்டு வந்து மறைமலை நகர்ல உக்காந்தாங்க. 1996ல ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து, 1998ல சான்ட்ரோவை இறக்கினாங்க. திருவள்ளூர்ல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷி லான்சர் செஞ்சாங்க. 2007ல பிஎம்டபிள்யூ, 2010 மார்ச்சுல ஒரகடத்துல ரெனோ-நிசான்.

இவங்க தனியா வரலை. ஹூண்டாய் கூட மாண்டோ மாதிரி கொரியா சப்ளையர்களும் ஒரு கூட்டமா வந்தாங்க. அட்டைப்பெட்டி மாறினது இங்கதான். இந்த சப்ளையர்கள் பெரும்பாலும் ஒப்பந்தம் போட்டு கார் கம்பெனிக்குத்தான் சாமான் குடுக்கணும். அவங்க சம்மதம் இல்லாம அதே சாமானை தன் பேர் போட்டு கடைக்கு விக்கக்கூடாது. சாமான் சப்ளையர்கிட்டேருந்து கார் கம்பெனிக்குப் போய், அங்க பெட்டியும் ஸ்டிக்கரும் மாறி, டீலர் மூலமா நம்மகிட்ட வரும். போற வழியில விலையும் ஏறும்.

கூடவே இன்னொண்ணும் நடந்துது. கார்புரேட்டர் போய் எம்பிஎப்ஐ வந்துது, வண்டிக்குள்ள கம்ப்யூட்டர் வந்துது. என்ன கோளாறுன்னு பாக்கணும்னா ஸ்கேனர் மாட்டணும். அந்த ஸ்கேனரும் ரிப்பேர் புஸ்தகமும் கம்பெனியோட சர்வீஸ் சென்டர்ல மட்டும். தெருமுனை மெக்கானிக் காதால கேட்டு கோளாறு சொல்ற ஆளு. பாவம், அவர் பாதி வண்டியைத் தொடவே முடியாத நிலைமை.

இதை யாராவது கேட்டாங்களான்னா, கேட்டாங்க. 2011 ஜனவரியில சம்ஷேர் கட்டாரியா என்பவர் இந்தியப் போட்டி ஆணையத்துகிட்ட ஒரு புகார் குடுத்தார். வழக்கு எண் 3/2011. புகார் ஹோண்டா, ஃபோக்ஸ்வாகன், ஃபியட் மூணு கம்பெனி மேலதான். உதிரி பாகத்தை வெளியில விக்க மாட்டேங்கறாங்க, அதனால ரிப்பேர் செலவு எகிறுதுன்னு. ஆணையத்தோட விசாரணைப் பிரிவு உள்ள இறங்கிப் பாத்தா, இது மூணு பேர் விவகாரம் இல்ல, மொத்த சந்தையே இப்படித்தான் இருக்கு. விசாரணை 17 கம்பெனிக்கு விரிஞ்சுது.

2014 ஆகஸ்ட் 25ல தீர்ப்பு. 14 கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம். அதுல டாடா மோட்டார்ஸுக்கு மட்டும் 1,346.46 கோடி, மாருதிக்கு 471.14 கோடி. நம்ம பக்கத்து ஆளுங்க கணக்கு இது: ஃபோர்டு 39.78 கோடி, பிஎம்டபிள்யூ 20.41, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 13.85, நிசான் 1.63. நிசானுக்கு ஏன் இவ்ளோ கம்மி? அபராதம் மூணு வருஷ சராசரி விற்பனையில 2 சதவீதம்னு கணக்கு போட்டது. அவங்க இங்க வியாபாரத்தை ஆரம்பிச்சே கொஞ்ச நாள்தான் ஆகியிருந்துது.

(அதே 2014 மே மாசம்தான் அம்பாசடர் தயாரிப்பு நின்னுது. எவனோ பிளான் பண்ணி வச்ச மாதிரி இருக்கு, இல்லீங்களா?)

அபராதத்தை விடுங்க, தீர்ப்புக்குள்ள இருக்கற சமாச்சாரம்தான் முக்கியம். சப்ளையர்கிட்ட வாங்கின விலைக்கும் நமக்கு விக்கிற விலைக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்துப் பாத்திருக்காங்க. பொதுவா 100 சதவீதத்துக்கு மேல. சில பாகத்துக்கு சுமார் 5000 சதவீதம்! அதாவது 100 ரூபாய்க்கு வாங்கினது 5,100 ரூபாய்.

கம்பெனிங்க சொன்ன பதில்ல ஒண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சுது. காரும் உதிரி பாகமும் வேற வேற சந்தை இல்லையாம், ஒரே சந்தையாம். வாங்கறவர் வாங்கும்போதே ஆயுசு முழுக்க ஆகப்போற ரிப்பேர் செலவையும் சேர்த்து கணக்கு போட்டுத்தான் எந்தக் கார்னு முடிவு பண்றாராம். அடப்பாவிகளா! நாங்க வாங்கும்போது பாத்தது மைலேஜும் கலரும் தான். பத்து வருஷம் கழிச்சு கம்ப்ரஸர் என்ன விலை விக்கும்னு ஷோரூம்ல எவன் சொன்னான்? ஆணையமும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லுச்சு. சாதாரண ஆள் கையில அந்தக் கணக்குக்கு வேண்டிய விவரமே கிடையாது, காரை வாங்கினப்புறம் பாகத்துக்காக இன்னொரு கம்பெனிக்கு மாறவும் முடியாது. அதனால ஒவ்வொரு கம்பெனியும் தன் வண்டியோட பாகத்துல தனிக்காட்டு ராஜா. காப்புரிமை வாதத்தையும் எடுத்து வச்சாங்க. அந்த உரிமை இந்தியாவுல செல்லுபடியாகுதுன்னு காட்ட ஒழுங்கான ஆவணம் இல்லைன்னு அதுவும் போச்சு.

போலி பாகம் பத்தின வாதத்தை மட்டும் நான் முழுசா தள்ள மாட்டேன். ஒரு தடவை 'அசல்'னு நம்பி வாங்கின பிரேக் பேடு ரெண்டே மாசத்துல தேஞ்சு, செங்கல்பட்டு பைபாஸ்ல உயிர் போய் உயிர் வந்துது. ஆனா அதுக்கு மருந்து, சப்ளையரே தன் பேர்ல நேரா விக்கறதுதானே? கடையில அசல் கிடைக்கலைன்னாதானே போலிக்கு வேலை?

ஆணையம் போட்ட உத்தரவும் அதுதான். சப்ளையர் வெளிச்சந்தையில விக்கலாம், தடுக்கக்கூடாது. ஸ்கேனரும் ரிப்பேர் விவரமும் வெளி மெக்கானிக்குக்கும் கிடைக்கணும். வெளியில ரிப்பேர் பண்ணிட்டேங்கற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து பண்ணக்கூடாது. இது உலகத்துல புதுசும் இல்ல. ஐரோப்பாவுல 2002லயே இதுக்கு விதி வந்தாச்சு. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல 2012ல மக்களே ஓட்டுப் போட்டு கொண்டு வந்தாங்க.

சரி, 17ல 14 போனா மீதி மூணு? அதுல ஒண்ணு ஹூண்டாய். புகார் எங்க மேல இல்லையே, விசாரணையை எப்படி எங்க பக்கம் நீட்டலாம்னு அவங்க சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனாங்க. அதனால அவங்க விஷயம் அப்ப தள்ளி நின்னுது. 2015 பிப்ரவரியில அந்த மனு தள்ளுபடி. ஜூலையில ஆணையம் ஹூண்டாய்க்கு 420.26 கோடி அபராதம்னு உத்தரவு போட்டுது.

அப்புறம் என்ன, நம்ம நாட்டு வழக்கப்படி மேல்முறையீடு. 2016 டிசம்பர்ல மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் டொயோட்டா, ஃபோர்டு, நிசான் மூணு பேர் விஷயத்துல 'செஞ்சது தப்புதான்'னு உறுதி பண்ணுச்சு. ஆனா அபராதத்தை மொத்த விற்பனையில கணக்கு போடக்கூடாது, உதிரி பாக விற்பனையில மட்டும் 2 சதவீதம்னு சொல்லி தொகையைக் குறைச்சுது. இன்னும் சில கம்பெனிங்க போட்டிச் சட்டமே அரசியலமைப்புக்கு விரோதம்னு டெல்லி உயர் நீதிமன்றம் போனாங்க. அங்க 2019 ஏப்ரல்ல சட்டத்தோட பெரும்பகுதி செல்லும்னு தீர்ப்பு. புகார் குடுத்து எட்டு வருஷம். அதுக்குள்ள எத்தனை கம்ப்ரஸர் மாத்தியிருப்பாங்க!

இதுல ஃபோர்டு கதை தனி. 2021 செப்டம்பர் 9ல இந்தியாவுல கார் செய்யுறதை நிறுத்தறோம்னு அறிவிச்சாங்க. மறைமலை நகர்லேருந்து கடைசி வண்டி 2022 ஜூலையில வெளிய வந்துது. பாகமும் சர்வீஸும் தொடர்ந்து தருவோம்னு சொல்லித்தான் போனாங்க. ஆனாலும் என் ஆபீஸ்ல ஃபிகோ வச்சிருந்த ஒருத்தர் ஒரு வாரம் துக்கம் விசாரிக்கிற ஆளுங்களுக்கு பதில் சொல்லிக்கிட்டு இருந்தார். ஹெரால்ட் ஓட்டினவருக்கு புதுப்பேட்டை இருந்துது. பெட்டி பூரா ஒரே கம்பெனி கையில இருக்கும்போது அந்தக் கம்பெனியே கிளம்புதுன்னா வயித்துல புளியைக் கரைக்காதா?

2014க்கு அப்புறம் ஒண்ணுமே மாறலைன்னு சொன்னா அது பொய். பார்ட் நம்பர் தெரிஞ்சா இப்ப வீட்டுல உக்காந்து ஆன்லைன்ல விலை பாத்து வாங்கலாம். சின்ன ஒர்க்‌ஷாப்லயும் ஸ்கேனர் வந்துருச்சு. 2022 டிசம்பர்ல மத்திய அரசு 'ரைட் டு ரிப்பேர்'னு ஒரு தளம் திறந்துது, அதுல காரும் உண்டு. பாகங்களுக்கு பெரும்பாலும் 28 சதவீதமா இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22லேருந்து 18 ஆச்சு (என் கம்ப்ரஸர் நாலு மாசம் பொறுத்திருக்கக் கூடாதா!). ஆனா பார்ட் நம்பரே இல்லாத சாமானை எந்தத் தளத்துல போய் தேடறது? சின்ன பாகத்தைத் தனியா விக்காம அசெம்பிளியா மட்டும் விக்கிற வித்தைக்கு இன்னும் முடிவு வரலை. என்னைக் கேட்டா விலை எகிறுற இடமே இப்ப அதுதான்.

என் வண்டிக்கு வர்றேன். வாலாஜாபாத் ரோட்டுல தகரக் கொட்டகை போட்டு ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கார். முன்னாடி ஒரு சாமான் கம்பெனியில கான்ட்ராக்ட்ல லைன்ல வேலை பாத்தவர். எஸ்டிமேட் தாளைக் காட்டினேன். படிக்கவே இல்ல. பெல்ட்டைக் கழட்டி, புல்லியைக் கையால சுத்திப் பாத்தார்.

"கம்ப்ரஸர் நல்லா இருக்கு சார். பேரிங்தான்."

"அதுக்கு நம்பரே இல்லைன்னு சொன்னாங்களேண்ணே?"

கழட்டின பேரிங்கைத் துணியால தொடைச்சு வெளிச்சத்துல காட்டினார். ஓரத்துல பொடி எழுத்துல நம்பர் அடிச்சிருக்கு.

"கார் கம்பெனி நம்பர் குடுக்கலை சார். பேரிங் செஞ்சவன் குடுத்திருக்கான்."

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல போன் போட்டு சொன்னார், மறுநாள் வந்துது. பேரிங் 650 ரூபாய். கழட்டி மாட்ட 1,200. கேஸைத் தொடவே இல்ல. அன்னிக்கி சாயங்காலம் ஏசி போட்டுக்கிட்டு, அந்த சர்வீஸ் சென்டர் வழியாவே வீட்டுக்கு வந்தேன் :-)