வஞ்சினமும் சிறுசொல்லும்

களத்தில் கைகள் மோதுவதற்கு முன்னரே நாக்குகள் மோதிக்கொள்வது போட்டியின் பழைய இயல்பு. இன்று குத்துச்சண்டையையும் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளையும் திரையிற் காணும் நம் மாணவர்கள், வீரர்கள் ஒருவரையொருவர் ஏசிக்கொள்வதைப் புதுமையென எண்ணிக் கைதட்டுகின்றனர். புதுமை அதில் ஏதுமில்லை. போருக்கு முன் பேசும் பேச்சுக்கு இலக்கணமே வகுத்தவர்கள் நம் முன்னோர். வீரன் தன் ஆற்றலைத் தானே எடுத்துரைப்பதை நெடுமொழி என்றனர். செய்து முடிப்பேன் எனச் சூளுரைப்பதை வஞ்சினம் என்றனர்.

புறநானூற்றின் 72ஆம் பாடல் இதற்குச் சிறந்த சான்று. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் அரியணை ஏறியபோது மிக இளையவன். பகையரசர்கள் அவன் இளமையை எள்ளினர். சினங்கொண்ட மன்னன் வஞ்சினம் கூறுகிறான். இவர்களை வெல்லேனாயின் என் குடிமக்கள் என்னைக் கொடியவன் எனத் தூற்றட்டும். புலவர்கள் என் நாட்டைப் பாடாது நீங்கட்டும். இரப்போர்க்கு ஈய இயலாத வறுமை என்னை வந்தடையட்டும் என்கிறான். இங்கே ஒன்றை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். அவன் கூறும் தண்டனை மூன்றும் தன்மீதே விழுவன. பகைவர் பேசியதற்கு அவன் இடும் பெயர் ‘சிறுசொல்’ என்பது. வஞ்சினம் சொன்னவனைக் கட்டுகிறது. சிறுசொல் கேட்டவனைச் சுடுகிறது. இவ்விரண்டின் வேறுபாட்டை நம் காலத்து வரலாற்றிலும் காணலாம்.

பத்தாங் காலி வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த எம் தலைமுறைப் பிள்ளைகள் முகமது அலியின் பெயரைப் பெரியவர்கள் வாயிலாகவே கேட்டு வளர்ந்தோம். அதற்குத் தக்க காரணமும் இருந்தது. 1957 ஆகஸ்டு 31இல் விடுதலை முழக்கம் எழுந்த கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில், 1975 ஜூலை 1ஆம் நாள் அவர் ஜோ பக்னரை எதிர்த்துக் களமிறங்கினார். அது ஒரு மறுபோட்டி. 1973 பிப்ரவரி 14இல் லாஸ் வேகாஸ் நகரில் பன்னிரண்டு சுற்றுகள் நின்று தோற்றவர் பக்னர். கோலாலம்பூரில் பதினைந்து சுற்றுகளும் நின்றார். மீண்டும் புள்ளிகளிலேயே தோற்றார்.

தோற்றவன் ஏன் மறுபோட்டி கேட்கிறான்? முதல் தோல்வியைத் தற்செயல் என்றே அவன் மனம் கருதுகிறது. வென்றவன் ஏன் இசைகிறான்? தன் வெற்றி தற்செயலன்று என மெய்ப்பிக்க விழைகிறான். இருவர்க்கும் உள்ள ஐயத்தைக் களம் தீர்த்துவைக்கிறது.

அலியின் வாய்வீச்சு திட்டமிட்ட ஒன்று. 1961இல் ‘கார்ஜியஸ் ஜார்ஜ்’ என்ற மற்போர் வீரர் தற்பெருமை பேசியே அரங்கை நிரப்பியதைக் கண்டு அவர் பாடம் கற்றார். 1964இல் சன்னி லிஸ்டனுடன் மோதுமுன், எடை பார்க்கும் வேளையில் அவர் கூச்சலிட்டுக் குதித்தார். அப்போது அவருடைய நாடித் துடிப்பு நிமிடத்திற்கு 120 என இருந்தது. அவர் அஞ்சி நடுங்குவதாகவே பலர் கருதினர். சற்று நேரத்தில் அது இயல்பு நிலைக்குத் திரும்பிவிட்டது. ஏழாம் சுற்றுக்கு எழ மறுத்து லிஸ்டன் பட்டத்தை இழந்தார். 1965 மே 25இல் நிகழ்ந்த மறுபோட்டி முதல் சுற்றிலேயே முடிந்தது.

ஆயினும் எல்லாச் சொல்லும் இவ்வாறு களத்தோடு முடிந்துவிடுவதில்லை. ஜோ பிரேசியரின் வரலாறு இதனை உணர்த்தும். 1967இல் படைச்சேவைக்குச் செல்ல மறுத்த அலி, தொழில் உரிமம் இழந்து நின்றபோது, அவருக்குப் பொருளுதவி செய்தவர் பிரேசியர். அவருக்காகப் பரிந்தும் பேசியவர். அந்த மனிதரையே அலி, வெள்ளையரின் அடிவருடி என்றார், அறிவிலி என்றார். 1971 மார்ச் 8இல் நியூயார்க்கில் பிரேசியர் வென்றார். 1974 ஜனவரியில் மறுபோட்டிக்குச் சில நாள் முன்னர்த் தொலைக்காட்சி நிலையத்திலேயே இருவரும் கட்டிப் புரண்டனர். ஆளுக்கு 5,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. அம்மறுபோட்டியில் அலி வென்றார். 1975 அக்டோபர் 1இல் மணிலா அருகே மூன்றாம் போட்டி. அதற்குமுன் அலி, பிரேசியரை மனிதக் குரங்கு என இழித்துரைத்து, இரப்பர்க் குரங்குப் பொம்மை ஒன்றையும் காட்டிச் சிரித்தார். கண் வீங்கிப் பார்வை மங்கிய பிரேசியரைப் பதினைந்தாம் சுற்றுக்கு அனுப்ப அவருடைய பயிற்சியாளர் எடி பட்ச் மறுத்துவிட்டார். போட்டி முடிந்தது, புண் ஆறவில்லை. 2001இல் அலி நாளிதழ் வாயிலாக வருத்தம் தெரிவித்தார். கால் நூற்றாண்டுக்கு மேல் தாமதித்து வந்த சொல் அது. 2011இல் பிரேசியர் மறைந்தபோது, நோயுற்றிருந்த அலி இறுதிச் சடங்கிற்கு வந்து எழுந்து நின்று கைதட்டினார்.

எள்ளல் எதிரியின் கவனத்தைச் சிதைக்கும் என்பர். ஆனால் 2018இல் யிப், ஷ்வைட்சர், நுர்முகமது ஆகிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு வேறொன்றையும் கண்டது: எள்ளப்பட்டவன் முன்னினும் கடுமையாக முயல்கிறான், அதேவேளை வெல்வதற்காக நெறி தவறவும் துணிகிறான். அதே ஆண்டு அக்டோபர் 6இல் லாஸ் வேகாசில் உலகம் இதனைக் கண்ணாரக் கண்டது. கானர் மெக்ரெகர் தம் எதிரி கபீபின் குடும்பத்தையும் சமயத்தையும் இகழ்ந்திருந்தார். நான்காம் சுற்றில் வென்ற கபீப், வெற்றியோடு அமையாமல் வேலியைத் தாண்டிக் குதித்து எதிரியின் குழுவினரைத் தாக்கினார். வென்றவனுக்கும் வெற்றி போதவில்லை.

நம் பள்ளித் திடலுக்கு வருவோம். ஒருமுறை பந்தாட்டத்தில் தோற்ற மாணவன் ஒருவன் மறுவாரம் திடலுக்கு வரவில்லை. தோல்விக்கு நாணி நின்றான் என்றே நான் கருதினேன். விசாரித்தபோதுதான், வென்ற குழுவினர் அவன் தந்தையின் தொழிலைச் சொல்லிச் சிரித்தனர் என்பது தெரிந்தது. மறுபோட்டி நடத்தலாம் என்றேன். “வேண்டாங்க சார்” என்றான். இழந்த ஆட்டத்தை மறுபோட்டியால் மீட்கலாம். கேட்ட சொல்லை மீட்க எந்தப் போட்டியாலும் இயலாது என்பதை அன்று அம்மாணவனிடமே கற்றேன்.

நாவைக் காக்க வேண்டும் என வள்ளுவர் அடக்கமுடைமையில் வலியுறுத்தியதை நாம் ஆண்டுதோறும் வகுப்பறையிற் கற்பிக்கிறோம். திடலிலும் அதனைக் கற்பித்தல் வேண்டும். மாணவரைப் பேசாதே என வாயடைக்க வேண்டுவதில்லை. “அடுத்த முறை வெல்வேன், அதுவரை ஒருநாளும் பயிற்சிக்குத் தவறேன்” என அவன் சூளுரைக்கட்டும். அது நெடுஞ்செழியனின் மரபு. எதிர் நிற்பவனின் நிறத்தையும் குடும்பத்தையும் சமயத்தையும் தொடும் சொல்லை மட்டும் அவன் நாவில் ஏறாமல் தடுப்போம். ஆட்டம் முடிந்தபின் இருவரும் ஒரே பாதையில்தான் வீடு திரும்ப வேண்டியவர்கள்.