துத்தமும் நாகமும்

உயர்நிலைப் பள்ளியில் அணுவைப் பற்றிய பாடம் முடிந்ததும், ஆளுக்கொரு தனிமத்தைத் தேர்ந்தெடுத்து ஆராய்ந்து எழுதி வரும்படி உபாத்தியாயர்கள் மாணவரைப் பணிப்பது வழக்கம். பொன்னுக்கும் ரேடியத்துக்கும் போட்டி பலமாக இருக்கும். அணு எண் 30, அணு எடை 65.38 என்ற விவரங்களோடு அட்டவணையின் நடுவே அடக்கமாக இருக்கும் துத்தநாகத்தைக் கேட்பாரில்லை. ஆயினும், இவ்வளவு இரசாயனத்தையும், இவ்வளவு வர்த்தகச் சரித்திரத்தையும், போதாக்குறைக்கு இவ்வளவு குழப்பத்தையும் தன் பெயரிலேயே சுமந்துகொண்டிருக்கும் தனிமம் தமிழில் வேறொன்று உண்டா என்பது எனக்குச் சந்தேகமே.

பெயரைப் பிரித்தால் துத்தம், நாகம் என இரண்டு சொற்கள் கிடைக்கின்றன. ஏழிசையுள் ஒன்றான துத்தத்துக்கும் இந்தத் துத்தத்துக்கும் உறவில்லை. இது வடமொழி வழியாக வந்த மருந்துச் சரக்கின் பெயர். நாட்டு மருந்துக் கடையில் மயில்துத்தம் என்று கேட்டால் மயில் கழுத்தின் நீலத்தில் படிகங்கள் கிடைக்கும். அது செம்பின் உப்பு. பால்துத்தம் என்பது வெண்மையானது. அது துத்தநாகத்தின் உப்பு. இரண்டும் கந்தகத் திராவகத்தில் பிறந்த உடன்பிறப்புகளே. நிறம் மட்டும் ஏன் வேறுபட வேண்டும்? துத்தநாக அணுவில் எலெக்ட்ரான்கள் 2, 8, 18, 2 என்று அடுக்கப்பட்டிருக்கின்றன. உப்பாகும்போது கடைசி இரண்டையும் இழந்துவிட்டு, பதினெட்டும் நிறைந்த வளையத்தோடு அது அமைதியாக நிற்கிறது. அட்டவணையில் அதற்கு முந்திய செம்போ, நீலத் துத்தத்தில் இருக்கும் நிலையில், அவ்வளையத்தில் 17 எலெக்ட்ரான்களையே உடையது. படிகத்திலுள்ள நீர் அதைச் சூழ்ந்திருக்கும்போது, காலியாக உள்ள அந்த ஓரிடத்துக்குத் தாவும் எலெக்ட்ரான் வெள்ளொளியின் சிவப்புப் பகுதியை உட்கொள்ள, எஞ்சிய நீலமே நம் கண்ணை வந்தடைகிறது. எலெக்ட்ரானின் பெயரே கேளாத மருத்துவர்கள் மயில் என்றும் பால் என்றும் பிரித்து வைத்ததைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

நாகம் என்ற சொல்லில்தான் குழப்பம் வந்து குடியேறியது. வடமொழி இரச சாஸ்திரத்தில் நாகம் என்பது காரீயத்தைக் குறிக்கும். ஆகவே ஆயுர்வேத வைத்தியர் நாக பஸ்மம் என்றால் காரீயத்தின் பஸ்மத்தைச் சொல்லுகிறார், துத்தநாகத்துக்கு அவர் வைத்திருக்கும் பெயர் யசதம். சித்த வைத்தியர் நாக பற்பம் என்றாலோ அது துத்தநாகத்தின் பற்பமே. காரீயம் உடலில் சேர்ந்தால் நஞ்சு, துத்தநாகம் சிறு அளவில் உடலுக்கு இன்றியமையாதது என்பதை நினைத்தால், இந்தப் பெயர்ப் பொதுமை வெறும் புலவர் விவாதமன்று என்பது விளங்கும். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் துத்தத்தை உதறிவிட்டு நாகம் என்றே இத்தனிமத்தை வழங்குகின்றன. எளிதில் உருகும் வெளிறிய உலோகங்களையெல்லாம் முன்னோர் ஒரே இனமாகக் கருதினர் போலும். துத்தத்தோடு சம்பந்தமுள்ள கனிமத்திலிருந்து பிறந்த நாகம் இது என்ற எண்ணத்தில்தான் கூட்டுப்பெயர் இடப்பட்டிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்த கலவை. ஆயினும், துத்தநாகத்தைத் தனி உலோகமாகக் கண்ணால் காண்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, அதன் கனிமத்தையும் கரியையும் செம்போடு சேர்த்துச் சூடேற்றிப் பித்தளை செய்துவந்தார்கள். தனியே பிரிப்பதில் உள்ள இடையூறு யாதெனில், கனிமம் தன் உலோகத்தை விடுவதற்குச் சுமார் 1000 பாகை வெப்பம் வேண்டும். உலோகமோ 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். திறந்த உலையில் அந்த ஆவி காற்றோடு கலந்து வெண்பொடியாகப் பறந்துபோகும். இராஜஸ்தானத்தில் உதயபுரிக்குத் தெற்கேயுள்ள ஜாவர் என்னும் ஊரினர் இதற்குக் கண்ட உபாயம் அபூர்வமானது. கத்தரிக்காய் வடிவில் மண்மூசை செய்து, அதில் கனிமத்தையும் கரிப்பொருளையும் அடைத்து, நீண்ட குழாய் ஒன்றைக் கழுத்தாகப் பொருத்தி, மூசையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார்கள். கவிழ்க்கையில் சரக்கு கொட்டிவிடாதபடி உள்ளே செருகிய குச்சி சூட்டில் கரிந்துபோய், ஆவி இறங்குவதற்கு வழிவிட்டது. மேலே நெருப்பு, கீழே குளிர்ந்த அறை. ஓர் உலையில் 36 மூசைகள். இறங்கிய ஆவி காற்றைக் காணாமலே குளிர்ந்து உலோகமாயிற்று. ரசரத்ன சமுச்சயம் என்னும் வடமொழிக் கிரந்தம் இத்தகைய மூசைக்கு விருந்தாக மூசை, அதாவது கத்தரிக்காய் மூசை, என்றே பெயர் சொல்லுகிறது. வேலை முடிந்து எறியப்பட்ட மூசைகளை அடுக்கி அவ்வூரார் வீட்டுச் சுவர்களே எழுப்பியிருக்கிறார்கள்.

சீனத்திலும் இவ்வுலோகம் பெருவாரியாக உற்பத்தியாயிற்று. அதைக் கிழக்குக் கடல்களில் ஏற்றி விற்ற போர்ச்சுகீசியர், நம் கரைகளில் கேட்ட பெயரைத் துதனாகா என்று திரித்து வழங்கினர். ஆங்கிலேயர் வாயில் அது டூட்டனாக் ஆயிற்று. அகராதிக்காரர்கள் இதற்குத் தமிழையும் மராத்தியையும் காட்டுவர். எந்தத் துறைமுகத்தில் முதலில் காதில் விழுந்தது என்ற வழக்கில் நான் புகவில்லை. பிற்பாடு ஆங்கில வியாபாரிகள், துத்தநாகமும் நிக்கலும் செம்பும் கலந்த சீன வெண்கலவைக்கும் அதே பெயரைச் சூட்டியதால், குழப்பமும் சரக்கோடு சேர்ந்து கப்பலேறியது என்னலாம். 1745-இல் சீனத்திலிருந்து திரும்பிய கோதன்பர்க் என்னும் சுவீடன் கப்பல் தன் சொந்தத் துறைமுகத்தின் வாயிலிலேயே மூழ்கியபோது அதில் தேயிலையோடும் பீங்கானோடும் டூட்டனாக் கட்டிகளும் இருந்தன. 1738-இல் பிரிஸ்டலில் வில்லியம் சாம்பியன் காய்ச்சி வடிக்கும் முறைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். 1746-இல் பெர்லினில் மார்கிராப் இதைத் தனி உலோகமாகப் பிரித்தெடுத்து விவரித்தார். கண்டுபிடித்தவர் என்று பல பாடநூல்கள் மார்கிராபையே குறிக்கின்றன. ஜாவரின் சுவர்களை அந்நூலாசிரியர்கள் பார்த்ததில்லை போலும். பாராசெல்சஸ் எழுதிய ஜிங்க் என்ற ஜெர்மானியப் பெயர் கூர்முனையைக் குறிக்கும் சொல்லிலிருந்து, உலைச்சுவரில் முள்முள்ளாகப் படிவதைப் பார்த்து வந்ததென்பர்.

இன்று உலகில் எடுக்கப்படும் துத்தநாகத்தில் ஏறக்குறையப் பாதி, இரும்பு துருப்பிடிக்காமல் காக்கும் பூச்சாகச் செலவாகிறது. கொட்டகைக் கூரைக்கு வாங்கும் புதிய தகட்டை வெயிலில் சாய்த்துப் பார்த்தால், வெள்ளையும் சாம்பலுமாகக் கோணல்மாணலான பூவேலை தெரியும். அவை துத்தநாகம் உறைந்தபோது எழுந்த படிகங்கள். தகரம் என்ற சொல்லுக்கு அகராதி வெள்ளீயம் என்று பொருள் கூறும்; அந்தத் தகட்டிலோ வெள்ளீயத்துக்கு வேலையே இல்லை. எனினும் கடைக்காரரிடம் துத்தநாகத் தகடு என்று கேட்டால் விழிப்பார்; தகரம் என்று கேட்டால் உடனே எடுத்துப் போடுவார்.